முன் சக்கரம் முனகினால்...

சேலம், நாமக்கல் பக்கம் கார் வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு தொந்தரவும் உண்டு. இரண்டும் ஒன்றேதான்: இங்கே பார்க்கிறவர்கள் எல்லாருமே வண்டி தெரிந்தவர்கள்! லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் நாமக்கல். லாரியால் பிழைக்கிற ஊர் சங்ககிரி. போர்வெல் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்புகிற ஊர் திருச்செங்கோடு. இப்படிப்பட்ட சீமையில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தி, "முன்னாடி வீல்ல ஏதோ சத்தம் வருதுங்க" என்று வாயைத் திறந்து பாருங்கள். மாஸ்டர் டீயை ஆற்றி முடிப்பதற்குள் அஞ்சு பேர் அஞ்சு வியாதி சொல்லியிருப்பார்கள்.

"பேரிங் போச்சுங்க."

"அட, பேரிங்காவது? லிங்க் ராடுங்க அது!"

"பேடு தேஞ்சிருக்கும் சார். மாத்திருங்க."

"டயர்தான். அலைன்மென்ட் பார்த்தீங்களா?"

அஞ்சாவது ஆள் காரை ஒரு சுற்று சுற்றிவந்து நிதானமாகச் சொல்லுவார்: "வண்டியையே மாத்திருங்க. பார்ட்டி இருக்குது, சொல்லட்டுங்களா?"

அஞ்சு பேருமே அனுபவசாலிகள்தான். ஆனால் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "சத்தம் எப்போ வருது?" என்ன சத்தம் என்பதைவிட, எப்போது வருகிற சத்தம் என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். பிரேக்கை மிதிக்கும்போதா, திரும்பும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, ஸ்பீடு ஏற ஏறவா? இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. சொல்லத் தெரியாவிட்டால், டயர் செய்த தப்புக்குப் பேரிங் தண்டனை அனுபவிக்கும். பில்லை நீங்கள் அனுபவிப்பீர்கள்.

பில்லோடு போனால்கூடப் பரவாயில்லை. நம் சமவெளிக்கு ஒரு குணம் உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் பிரேக்குக்குப் பெரிதாக வேலையே கிடையாது, டோல்கேட்டைத் தவிர. ஆனால் கொஞ்சம் விலகினால் மலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. தருமபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் தொப்பூர் கணவாய். வாரம் பூராவும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வந்த காரில், சனிக்கிழமை சாயந்திரம் திடீரென்று ஞானோதயம் வந்து, "நாளைக்குக் கொல்லிமலை போலாமா?" என்று கிளம்பிவிடுகிறோம். சமவெளியில் வெறும் 'கீச்'சாக இருந்த சத்தம், எழுபது வளைவு இறங்கும்போது என்னவாக மாறும்? அதுதான் இங்கே விஷயம்.

'ஒரு மாதிரியா' வருதுங்க!

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று ஒன்று படித்தோமே, ஞாபகமிருக்கிறதா? சலசல, கடகட, கரகர... பரீட்சைக்கு இரண்டு மார்க். அதற்குப் பிறகு அது வாழ்க்கையில் உபயோகப்படுகிற ஒரே இடம் ஒர்க்ஷாப்தான். கார் சத்தத்தைச் சொல்ல நம் பாஷையைப் போல வசதியான பாஷை கிடையாது. அப்படியிருந்தும் நம்மாட்கள் ஒர்க்ஷாப் வாசலில் போய் நின்று பேசுவதைக் கேளுங்கள்:

"சத்தம் எப்பிடிங்க வருது?"

"ஒரு மாதிரியா வருதுங்கண்ணா."

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி லெஃப்ட்ல... இல்ல, ரைட்டுங்களா..?"

"எப்ப வருது?"

"உங்ககிட்ட கொண்டாந்தா மட்டும் வர்றதில்லீங்க!"

கடைசியாகச் சொன்னது சத்தியம். பல்வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோவது போல, காரின் சத்தமும் மெக்கானிக்கைப் பார்த்ததும் அடங்கிவிடும். அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் செல்போனைக் கொடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இன்னொரு சுலப வழி உண்டு. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாக மெதுவாகப் போங்கள். சுவர் பக்கத்துச் சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி உங்கள் காதுக்கே வரும். திரும்பி வரும்போது அடுத்த பக்கத்தையும் பார்த்துவிடலாம். பாட்டை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சத்தம் வந்தால் பாட்டின் வால்யூமைக் கூட்டுவதுதான் நம்மில் பலர் செய்கிற முதல் வைத்தியம்!

மற்ற ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். வீல் ஸ்பேனரை எடுத்து நாலு சக்கரத்து நட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். பஞ்சர் ஒட்டியோ, டயர் மாற்றியோ ஓரிரு நாளில் மெதுவாகப் போகும்போது 'டொக்... டொக்...' என்று வந்தால், பெரும்பாலும் பேரிங்கும் இல்லை, பால் ஜாயிண்டும் இல்லை, நட்டு லூஸ். சரிசெய்யக் காசு செலவே இல்லாத கோளாறு இது. அலட்சியம் செய்தால் இதைவிட ஆபத்தான கோளாறும் இல்லை, சக்கரமே தனியாகக் கழன்று உங்களுக்கு முன்னால் ஓடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருதடவை முறுக்கிப் பார்ப்பது நல்லது. லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இறங்கி, டயரை இரும்பு ராடால் தட்டிக் கேட்டு, வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். நாம் இறங்கினால் முதலில் செல்ஃபி.

பிரேக் போடுகிற கடிதம்

இப்போது பிரேக்குக்கு வருவோம். காலை மிதித்தால் சத்தம், எடுத்தால் இல்லை. அல்லது ஓடும்போது சத்தம், மிதித்தால் இல்லை. இப்படி மிதியோடு சம்பந்தப்பட்டு வருகிற சத்தம் எதுவானாலும் பிரேக் சமாசாரம்தான்.

முன் சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கிட்டி போட்டு நெரிக்கிற இரண்டு கட்டைகள்தான் பேடுகள். பிரேக்கை மிதித்தால் காலிப்பர் அந்தக் கட்டைகளை அழுத்தும். புதுப் பேடில் தேய்கிற பகுதி சாதாரணமாகச் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். நாம் தினமும் குனிந்து அளந்து பார்க்கப் போவதில்லை என்பது செய்தவனுக்கே தெரியும். அதனால் நிறையப் பேடுகளில் ஓரமாக ஒரு சின்னத் தகட்டை வைத்திருக்கிறார்கள். கட்டை தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டு 'கீ...ச்' என்று கத்தும். அது கோளாறு இல்லை, கடிதம். 'அன்புள்ள ஐயா, என் காலம் முடிந்தது, ஆளை மாற்றவும்' என்று பேடே எழுதிப் போடுகிற கடிதம்.

கடிதத்தைப் படிக்காமல் ஓட்டினால் அடுத்து வருவது 'கரகர'. கட்டை முழுக்கத் தேய்ந்து, பின்னால் இருக்கிற இரும்பு, டிஸ்க் இரும்பைச் சுரண்டுகிற சத்தம். மிதியிலேயே அது தெரியும், அம்மிக்கல்லில் கால் வைத்த மாதிரி. இதற்கு மேல் ஓட்டக்கூடாது. பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் தாவிவிடும். அதைவிட முக்கியம், அவசரத்துக்கு மிதித்தால் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

எல்லாக் கீச்சும் மரண ஓலம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி மழையில் நனைந்த கார் காலையில் கிளம்பியதும் 'சர்ர்ர்' என்று சுரண்டும். டிஸ்க் மேல் படிந்த லேசான துரு அது. நாலைந்து தடவை பிரேக் போட்டால் துடைத்துப் போய்விடும். புதுப் பேடு போட்ட முதல் சில நாள் கொஞ்சம் முனகலாம். நாள் பூராவும், மிதிக்கிறபோதெல்லாம் கீச்சினால்தான் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"நேத்துதானுங்க வீல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பேடு நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள் சிலர். அவர்கள் பார்த்தது வெளிப் பேடு. உள்ளே ஒருத்தன் இருக்கிறான். காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. அவை கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், உள் பேடு மட்டும் வேலை செய்து தேய்ந்துகொண்டே இருக்கும். வெளிப் பேடு பண்ணையார் மாதிரி கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். டார்ச்சுக்குத் தெரிவது பண்ணையார்தான். ஆகவே சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்காமல் நல்லாயிருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுக்காதீர்கள்.

இதே பின்னோ, காலிப்பர் பிஸ்டனோ இறுகிக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டால், சத்தத்தோடு வேறு அறிகுறிகளும் வரும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். மைலேஜ் குறையும். கருகிய வாசனை வரும். ஒரு பத்து, பதினைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி.

பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா தெரியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் முன்னால் நகர்ந்து வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். அதனால் டப்பாவில் ஆயில் மெதுவாகக் குறைகிறது என்றால், எங்கேயாவது ஒழுகலாம் அல்லது பேடு தேய்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் லைட் மினுக்கென்று எரிந்து அணைகிறதா? ஆயில் குறைந்து, திரும்பும்போது ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். காரணம் பார்க்காமல் மேலே மேலே ஊற்றி நிரப்புகிறவர்கள் உண்டு. பிறகு புதுப் பேடு போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும்.

திடீரென்று நிற்காமல் ஒரே 'சர்ர்ர்' சத்தம், அதுவும் ஜல்லி ரோட்டில் போய்வந்த பிறகு என்றால் பதற வேண்டாம். டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கிற தகரத்துக்கும் நடுவில் ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும். கொஞ்சதூரம் ரிவர்ஸ் எடுத்தால் சில சமயம் தானாகவே விழுந்துவிடும். இந்தக் கல்லுக்காகப் பேடு மாற்றிக்கொண்டவர்களும் ஊரில் இருப்பார்கள்.

பிரேக் போடும்போது சத்தத்தைவிட ஸ்டீயரிங் கடகடவென்று நடுங்கினால் டிஸ்க் ஒரே தடிமனில் இல்லை. லேத்தில் கொடுத்துச் சீவலாமா, மாற்ற வேண்டுமா என்பதை மிச்சத் தடிமன்தான் தீர்மானிக்கும். குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் டிஸ்க் மேலேயே பொறித்திருப்பார்கள்.

பிரேக் கத்துவது நேற்று இன்று வந்த வியாதி இல்லை. 1902-லேயே இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்கிற எஞ்சினீயர் டிஸ்க் பிரேக்குக்கு பேடண்ட் வாங்கினார். அவர் டிஸ்க்கைப் பிடிக்க வைத்தது செம்பு. உலோகத்தில் உலோகம் உரசியதில் தெருவே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அலறியதாம். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னொரு ஆங்கிலேயர், டெர்பிஷயர் மேட்டுப் பாதைகளில் குதிரை வண்டிக்காரர்கள் கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸைச் செருகி இறக்கத்தில் சமாளிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பிரேக் கட்டை செய்ய ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். அவர் ஆரம்பித்ததுதான் இன்றைக்கும் கடையில் கிடைக்கிற ஃபெரோடோ. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் வந்து சத்தம் அடங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்த பிறகு அதற்கும் மாற்று வந்துவிட்டது. என்றாலும் பிரேக் தூசியை வாயால் 'உஃப்' என்று ஊதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்று அடிப்பதும் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பள்ளத்தில் லொடலொட

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது, தோண்டிப் போட்டு மூடாத ரோட்டில், முன்பக்கம் 'லொடலொட'. சேலத்தில் இப்படி ஒரு ரோட்டைத் தேட வேண்டியதில்லை! இதற்குப் பெரும்பாலும் லிங்க் ராடு காரணம். சின்ன சாமான், சின்னச் செலவு. ஆனால் ஒரு சோதனை செய்துவிட்டுப் போங்கள். அதே குண்டும் குழியில் போகும்போது பிரேக்கை லேசாக, காரின் வேகம் குறையாத அளவுக்கு, தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். லொடலொட நின்றுவிட்டதா? அப்படியானால் லிங்க் ராடு பாவம், விட்டுவிடுங்கள். பேடுகள்தான் காலிப்பருக்குள் லூசாக ஆடுகின்றன. போனதடவை பேடு மாற்றியபோது அதோடு வரவேண்டிய சின்னச் சின்னக் கிளிப்புகளை யாரோ மாட்டாமல் விட்டிருப்பார்கள்.

'லொடலொட' இல்லாமல் கனமாக 'டொக்' என்று ஒரே அடி, அது கால் வைக்கிற இடத்தில் உதைக்கிற மாதிரி தெரிந்தால் பால் ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடாது. அது கழன்றால் சக்கரம் முட்டி மடங்கின மாதிரி உள்ளே சாய்ந்துவிடும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'கட்ட்டக்' என்று ஸ்பிரிங் சொடக்குப் போட்டால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். இதற்கு அன்றைக்கே ஓட வேண்டியதில்லை, அந்த மாதத்துக்குள் பாருங்கள்.

வளைத்தால் டக்டக்

காலி மைதானம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டம் போடுங்கள். 'டக்... டக்... டக்...' என்று சக்கரம் சுற்றுகிற கணக்கோடு வந்தால், ஆக்ஸிலின் வெளி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. அடுத்த பக்கமும் ஒடித்துப் பாருங்கள். சாதாரணமாக வளைவின் வெளிப்பக்கத்துச் சக்கரம்தான் அதிகமாகக் கத்தும். இந்த ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போவதால்தான் இந்த வினை. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். டக்டக் வருவதற்கு முன்னாலேயே உறையை மாற்றினால் ஜாயிண்ட் பிழைக்கும்.

முன் சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போகிற கார்களுக்குத்தான் இந்த வியாதி. மாருதி 800 வந்தபிறகுதான் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது அன்றாடம் ஆனது. பழைய அம்பாஸடரிலும் ஆம்னி வேனிலும் பின் சக்கரம்தான் தள்ளும், முன்னால் இந்த ஜாயிண்டே கிடையாது. ஆம்னிக்கு யாராவது முன் ஆக்ஸில் ஜாயிண்ட் மாற்றியதாக பில் கொடுத்தால், அந்த பில்லை ஃபிரேம் போட்டு மாட்டுங்கள்.

பேரிங்கா, டயரா?

நாற்பதில் ஆரம்பித்து, எண்பதில் ஏரோப்பிளேன் மாதிரி 'கும்ம்ம்' என்று இரைகிறது. பிரேக்குக்கும் கியருக்கும் சம்பந்தமில்லை. நாமக்கல் பைபாஸில் போகும்போது பேச்சுகூடக் கேட்பதில்லை. அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. பேரிங்கும் இப்படித்தான் கத்தும், ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் அச்சு அசல் இப்படித்தான் கத்தும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: ரோடு காலியாக இருக்கும்போது, அறுபதில் போய்க்கொண்டே ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதும் சாய்த்துப் பாருங்கள். இடது பக்கம் சாய்க்கும்போது காரின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். வலது பக்கம் சாய்க்கும்போது கூடினால் இடது. எப்படிச் சாய்த்தாலும் ஒரே இரைச்சல் என்றால் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். டயர் மேல் உள்ளங்கையால் தடவுங்கள். ரம்பம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறதா? முன் டயரைப் பின்னால் மாற்றி மாட்டிப் பாருங்கள். இரைச்சலும் பின்னால் போய்விட்டால் கேஸ் முடிந்தது. பேரிங் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை.

ஜாக்கி போட்டும் பார்க்கலாம். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கிக் கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்தையும் 6 இருக்கும் இடத்தையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். 9-லும் 3-லும் பிடித்து ஆட்டி, அப்படி மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் ராடு முனை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஜாக்கிக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியாது.

எழுபது வளைவும் ஒரு இஸ்திரிப் பெட்டியும்

இனிமேல்தான் மலை. எந்தச் சத்தத்தோடு ஏறலாம், எதோடு ஏறக்கூடாது?

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியாகிற சக்தி சுமார் மூன்றேகால் யூனிட் மின்சாரம். அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றேகால் மணி நேரம் எரிகிற சூடு! எஞ்சின் கொஞ்சம் தாங்கிப் பிடிக்காவிட்டால், அதில் பெரும்பகுதி அந்தச் சின்ன டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்க வேண்டும். பேடு மெலிந்திருந்தால் சூடு சுலபமாக அதைத் தாண்டி பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் கொண்டது. ஈரம் ஏறிய பிறகு கொதிநிலை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி. ஆவியை அமுக்கலாம், அது சுருங்கிக்கொள்ளும். மிதி தரை வரை போகும், கார் நிற்காது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் பலர் எஞ்சின் ஆயிலை மாற்றுகிற தேதியைக் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்பதையே கேள்விப்பட்டதில்லை!

ஆகவே பிரேக் கீச்சோ, கரகரவோ, ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பதோ, பால் ஜாயிண்ட் டொக்கோ, பேரிங் இரைச்சலோ இருந்தால் காரவள்ளியைத் தாண்டாதீர்கள். ஆகாய கங்கை அருவி எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வாரமும் அங்கேயேதான் விழும். லிங்க் ராடு லொடலொடவோ, டயர் இரைச்சலோ என்றால் டயரில் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காதில் பஞ்சோடு போய்வரலாம்.

இறங்குவதற்கு லாரிக்காரர்களின் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின் பிடித்து நிறுத்தும், பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டால் போதும். தொப்பூரில் நியூட்ரலில் இறங்காதே என்று போலீசார் எச்சரித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். அந்தக் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வண்டிகள் வரிசையாக மோதி உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். விபத்துக்குக் காரணம் ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கத்துக்கு மன்னிப்பே கிடையாது. இதில் மிச்சமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். இரண்டு, மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், அதற்கு உதவி செய்கிற வேக்யூம் எஞ்சினிலிருந்துதான் வருகிறது.

இறங்கும்போது கருகிய வாசனை வந்தாலோ, மிதி ஆழமாகப் போனாலோ, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்துங்கள். அரைமணி நேரம் ஆறட்டும். வேகமாக ஆறட்டும் என்று பாட்டில் தண்ணீரை டிஸ்க் மேல் ஊற்றக்கூடாது, வெடிக்கவோ கோணவோ செய்யும். தண்ணீரை நீங்கள் குடியுங்கள். பிஸ்கெட்டை மட்டும் மறைத்து வையுங்கள், குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

எலெக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸிலரேட்டரை விட்டாலே மோட்டார் பிடித்து நிறுத்துவதால் உங்கள் பேடு நாள்கணக்கில் சும்மா கிடக்கும், டிஸ்க் துருப்பிடித்துச் சுரண்டும். அவ்வப்போது நன்றாக மிதித்துத் துடையுங்கள். மலை உச்சியில் பேட்டரியை நூறு வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டும் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் அந்தச் சக்தியைப் போட இடமில்லை. மோட்டார் பிடிப்பது குறைந்து, பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். அவசரமாக மிதித்தபோது காலடியில் 'டர்ர்ர்' என்று துடித்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் அது ஏ.பி.எஸ். வேலை செய்கிற சத்தம்.

கடைசியாக, ஒர்க்ஷாப்பில் பேடு மாற்றினால் பழைய நாலு பேடையும் கேட்டு வாங்குங்கள். "எதுக்கு சார் இந்தக் குப்பை?" என்று வேலை செய்கிற பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். நாலும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் சந்தோஷம். ஒரு சக்கரத்தின் உள் பேடு மட்டும் காகிதமாகியிருந்தால் அங்கே பின் இறுகியிருக்கிறது. ஒரு முனை மட்டும் ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருந்தால் காலிப்பர் நேராக உட்காரவில்லை. கட்டை கண்ணாடி மாதிரி பளபளத்தால் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. இதில் எது தெரிந்தாலும் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே, அங்கேயே காட்டிக் கேளுங்கள். புதுப் பேடு மாட்டியதும் கார் நகர்வதற்கு முன் மிதியை நாலைந்து தடவை அழுத்தி, அது கெட்டியாகிறதா என்று பார்த்த பிறகு கியரைப் போடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறும் மிதியாகத்தான் போகும். ஒர்க்ஷாப் வாசலிலேயே எதிர்ச் சுவரில் இடித்துக்கொள்கிறவர்கள் மறப்பது இதைத்தான்.